பழைய லாரி வாங்குமுன்: ஓடிய தூரமும் பராமரிப்பும்

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் விவசாயி, விற்பவர் சொல்லும் வயதைக் காதில் வாங்கிக்கொள்வார். ஆனால் அதை நம்பிப் பணத்தை எடுக்கமாட்டார். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று தாமே கணிப்பார். பிறகு சுழி பார்ப்பார். குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். நாலு அடி நடக்கவிட்டுப் பார்ப்பார். இவ்வளவும் முடிந்த பின்னரே விலை பேசத் துண்டை எடுத்துக் கையின்மேல் போடுவார். அதே விவசாயி, பல ஜோடி மாடுகளின் விலையைக் கொடுத்துப் பழைய லாரி ஒன்றை வாங்க நேரும்போது, மீட்டரில் தெரியும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். லாரிக்கும் பல் உண்டு, சுழி உண்டு, நடை உண்டு. அவற்றைப் பார்க்கும் முறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று ஊர்தோறும் உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் நிறுவனங்களும் தோன்றியுள்ளன. விளைபொருளைத் தாமே சந்தைக்குக் கொண்டுசென்றால், வாடகையும் மிச்சம், காலமும் மிச்சம் என்று அவை கருதுவது நியாயமே. சின்ன வெங்காயம் ஒட்டன்சத்திரத்திற்கும், காய்கறிகள் கோயம்பேட்டிற்கும், மக்காச்சோளம் நாமக்கல் பகுதியின் கோழித் தீவன ஆலைகளுக்கும் செல்லவேண்டியிருக்கிறது. புது லாரி வாங்கப் போதிய முதல் இல்லாத குழுவினர், சங்ககிரி, நாமக்கல் முதலிய லாரித் தொழில் மலிந்த ஊர்களில் பழைய வண்டியைத் தேடுகின்றனர். தேடுவதில் தவறில்லை. தேடும் முறையில்தான் தவறு நேர்கிறது.

நாம் கற்ற பாடம்

எமது ஒன்றியத்தில் ஒரு விவசாயிகள் குழு, சில ஆண்டுகளுக்குமுன் பத்துச் சக்கர டாரஸ் லாரி ஒன்றைப் பதினொரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. வண்டிக்கு வயது எட்டு. மீட்டர் காட்டிய தூரம் 2,80,000 கிலோமீட்டர். வர்ணம் புதியது, கேபினுக்குள் விரித்திருந்த விரிப்பும் புதியது. பூசணிக்காய் உடைத்துப் பூஜை செய்த அன்று நாமும் அங்கிருந்தோம். குழுவினரைப் பாராட்டிப் பேசவும் செய்தோம். நான்காம் மாதம் எஞ்சினைத் திறக்கவேண்டி வந்தது. பட்டறைக்காரர் ஓட்டுநர் இருக்கையின் அடியில் கிடந்த பழுப்பேறிய ரசீது ஒன்றை எடுத்துக் காட்டினார். இரண்டாண்டுகளுக்குமுன் எண்ணெய் மாற்றியபோது எழுதப்பட்ட அந்த ரசீதில் வண்டி ஓடிய தூரம் 5,10,000 கிலோமீட்டர் என்று கண்டிருந்தது.

எஞ்சின் வேலைக்கு இரண்டரை லட்சம் ரூபாய் சென்றது. அதனினும் பெரிய நஷ்டம், அறுவடைக் காலத்தில் லாரி பட்டறையில் நின்றதாகும். சேமித்து வைத்த பணத்தைப் பங்காகக் கட்டிய சிறு விவசாயிகள், தம் வெங்காயத்தை வாடகை வண்டியில் ஏற்றி அனுப்பினர். இருக்கையைத் தூக்கிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தைக் குழுவினரும் செலவிடவில்லை. பாராட்டிப் பேசிய நாமும் செலவிடச் சொல்லவில்லை. அந்தக் குறையை ஈடுசெய்யும் முகமாகவே, பின்னர் அனுபவமுள்ள ஓட்டுநர்களிடமும் பட்டறைத் தொழிலாளர்களிடமும் கேட்டறிந்தவற்றைத் தொகுத்து இங்கே தருகிறோம்.

மைலேஜ் என்னும் ஒரு சொல், இரண்டு பொருள்

மைலேஜ் என்ற சொல்லை நம் மக்கள் இரண்டு பொருளில் வழங்குகின்றனர். வண்டி இதுகாறும் ஓடிய மொத்தத் தூரம் ஒன்று; ஒரு லிட்டர் டீசலுக்கு ஓடும் தூரம் மற்றொன்று. முன்னது வண்டியின் வயதைச் சொல்லும். பின்னது அதன் இன்றைய உடல்நிலையைச் சொல்லும். வாங்குபவர் இரண்டையும் தனித்தனியே விசாரித்தறிய வேண்டும். விற்பவர் ஒன்றைப் பற்றிக் கேட்டால் மற்றொன்றைச் சொல்லி மழுப்பிவிடுவதும் உண்டு.

ஓடிய தூரத்தைக் கணிப்பது எப்படி?

மீட்டரின் எண்ணைச் சாட்சியாகக் கொள்ளலாமேயன்றித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. மீட்டரை மாற்றலாம், பழுதாகி நின்ற மீட்டரோடு வண்டி மாதக்கணக்கில் ஓடியிருக்கலாம். ஐந்து இலக்கமே உள்ள மிகப் பழைய மீட்டர்களில், ஒரு லட்சம் தாண்டியதும் எண் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கிவிடும். ஆகவே பின்வரும் வழிகளில் அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, எளிய கணக்கு. மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் லாரி ஆண்டொன்றுக்கு எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை ஓடுவது சகஜம். உள்ளூர்ச் சுமைக்கு ஓடும் வண்டி அதில் பாதிகூட ஓடாதிருக்கலாம். எமது குழுவினர் வாங்கிய லாரியின் மீட்டர்ப்படி ஆண்டுக்கு 35,000 கிலோமீட்டரே வருகிறது. நீண்ட வழித்தடத்தில் ஓடி, மாதத் தவணை கட்டி வந்த லாரிக்கு அது பொருந்தாத எண் அல்லவா? இந்த வகுத்தல் கணக்கைப் போட்டிருந்தாலே ஐயம் எழுந்திருக்கும்.

இரண்டாவது, சுங்கச் சாவடிக் கணக்கு. 2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்டது. வண்டி எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தச் சாவடியைக் கடந்தது என்ற பட்டியலை, அந்த ஃபாஸ்டேக்கை வழங்கிய வங்கியிடமிருந்து உரிமையாளர் பெறமுடியும். ஓராண்டுப் பட்டியலைக் கேளுங்கள். ஒரே சாலையில் அடுத்தடுத்த சாவடிகளுக்கிடையே சுமார் 60 கிலோமீட்டர் என்று கொண்டால், மாதத்தில் 100 சாவடிகளைக் கடந்த வண்டி ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். மாநிலச் சாலைகளிலும் ஊர்ச் சாலைகளிலும் ஓடிய தூரம் இதில் சேராது. ஆதலால் இது குறைந்தபட்சக் கணக்கு. மீட்டர் சொல்வது இதற்கும் குறைவாயிருந்தால், விற்பவரே விளக்கம் சொல்லட்டும். பட்டியலைத் தர மறுப்பாராயின், அதுவும் ஒரு விடைதான்.

மூன்றாவது, எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு. அண்மைக்கால எஞ்சின்கள் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் ஏவலுக்கு இணங்க இயங்குபவை. எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது பல வண்டிகளில் அந்தப் பெட்டியில் பதிவாகியிருக்கும். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் கருவியைப் பொருத்தி இதைப் படித்துவிடலாம். தூரத்தை மணியால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். 4,20,000 கிலோமீட்டர், 14,000 மணி என்றால் சராசரி 30 கிலோமீட்டர். சாலையில் ஓடிய வண்டிக்கு அது இயல்பு. 2,80,000 கிலோமீட்டர், 16,000 மணி என்றால் சராசரி பதினேழரைதான். ஒன்று, மீட்டர் பின்னோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும். அல்லது, வண்டி கல்குவாரியிலோ துறைமுக வரிசையிலோ நின்றபடியே எஞ்சினை ஓடவிட்டுத் தேய்ந்திருக்க வேண்டும். இரண்டும் வாங்குபவருக்கு நல்லதல்ல.

நான்காவது, வண்டியின் உடலிலுள்ள தேய்மானம். கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து இரும்பு தெரிகிறதா? ஸ்டீயரிங் சக்கரத்தின் மேல்தோல் பளபளக்கிறதா? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து மேலும் கீழும் அசைத்தால் கீல் ஆடுகிறதா? மீட்டர் குறைந்த தூரத்தைக் காட்டும் வண்டியில் இவை நைந்துபோயிருக்கலாகாது. மாறாக, பழைய கேபினில் மிதி ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் ஐயப்படவேண்டியதே. இருக்கைக்கு அடியிலும், கருவிப் பெட்டியிலும், கதவின் உட்புறத்திலும் பழைய ரசீதுகளும் எண்ணெய் மாற்றிய நாளைக் குறித்த சீட்டுகளும் கிடக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றுக்கு மீட்டரைத் திருப்பத் தெரியாது.

தூரத்தினும் பெரிது பராமரிப்பு

இவ்வளவு சொன்னபின் ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். குறைந்த தூரம் ஓடிய வண்டியே நல்ல வண்டி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உரிய காலத்தில் எண்ணெய் மாற்றி, அனுமதிக்கப்பட்ட சுமையோடு, நல்ல சாலையில் ஆறு லட்சம் கிலோமீட்டர் ஓடிய லாரி, எஞ்சின் திறக்கப்படாமலே மேலும் உழைப்பதுண்டு. அளவு மீறி மணல் ஏற்றி ஆற்றுப்படுகையில் உழன்ற லாரி மூன்று லட்சத்திலேயே முதுகொடிந்து போவதுண்டு. ஓடிய தூரம் சென்ற காலத்தைக் காட்டும். பராமரிப்பே இனி எவ்வளவு காலம் ஓடும் என்பதைக் காட்டும்.

ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்கவேண்டியது பராமரிப்புப் பதிவேடு. எஞ்சின் எண்ணெய், எண்ணெய் வடிகட்டி, டீசல் வடிகட்டி, காற்று வடிகட்டி ஆகியவை எந்தெந்தத் தூரத்தில் மாற்றப்பட்டன? பழைய வகை எஞ்சின்களுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது வழக்கம். புதிய வகைகளுக்கு இடைவெளி இதனினும் அதிகம். சரியான எண், அந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். கியர் பெட்டிக்கும் பின் அச்சுக்கும் எண்ணெய் எப்போது மாற்றினர்? கிளட்ச் தட்டு எப்போது மாற்றப்பட்டது? எஞ்சின் ஏற்கனவே திறக்கப்பட்டதா, யார் வேலை செய்தார், எந்தப் பாகங்கள் மாற்றப்பட்டன? ரசீதுகளைத் தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். தூரம் படிப்படியாக ஏறுகிறதா, இடையில் இறங்குகிறதா என்பதும் அப்போதே விளங்கிவிடும்.

வண்டி இதுவரை என்ன சுமந்தது என்றும் கேட்கவேண்டும். தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பு ஏற்றிய வண்டியிலும், உரமூட்டையே ஏற்றிய வண்டியிலும் துரு உள்ளே புகுந்து இரும்பைத் தின்றிருக்கும். மேலே பூசிய வர்ணம் அதை மறைத்துவிடும். சிறு சுத்தியால் தளத்தையும் குறுக்குச் சட்டங்களையும் தட்டிப் பார்த்தால், நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். துருவேறிய இடம் மொத்தென்று ஒலிக்கும்.

எஞ்சினைப் பார்க்கும் முறை

விற்பவர் எதிர்பாராத வேளையில், அதிகாலையில் செல்வது நன்று. எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும. நீங்கள் வருவதற்குமுன் சூடேற்றி வைத்த எஞ்சின், தன் நோயை மறைத்துக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சின் தயக்கமின்றிக் கிளம்புகிறதா என்பதைக் கவனியுங்கள்.

புகை ஒரு மொழி பேசும். கிளம்பும்போது சிறிது புகை வந்து அடங்கினால் கவலையில்லை. சூடேறிய பின்னும் கரும்புகை தொடர்ந்தால், காற்று வடிகட்டியோ இன்ஜெக்டரோ பழுது. நீலப்புகை, எஞ்சின் எண்ணெய் எரிவதன் அடையாளம். சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிடில், டீசல் முழுதும் எரியவில்லை, அல்லது குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது என்று பொருள்.

எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைக் கவனமாகத் திறந்து பாருங்கள். இலேசான ஆவி இயல்பு. குபுகுபுவெனப் புகை அழுத்தத்தோடு வெளிவந்தால், அதைத்தான் பட்டறைத் தொழிலாளர் பேக் கம்ப்ரஷன் என்பர்; பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து எஞ்சின் வேலை நெருங்கிவிட்டது. அளவுகோலில் ஒட்டும் எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால், நீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டரை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்கவேண்டும். நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அதுவும் அதே நோயின் மறுபக்கம்.

2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் டீசல் தொட்டியோடு, யூரியாக் கரைசலுக்கெனத் தனித்தொட்டி ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். அந்தக் கரைசல் நூற்றுக்கு 32.5 பங்கு தூய யூரியாவும், எஞ்சியது தூய நீரும் கொண்டது. புகையிலுள்ள தீய வாயுவை அது அடக்குகிறது. செலவு மிச்சம் என்று சிலர் அந்த அமைப்பைத் துண்டித்துவிடுகின்றனர். அத்தகைய வண்டியை வாங்கினால், சீர்செய்யும் செலவு வாங்கியவர் தலையில் விழும். விவசாயிகளுக்கு இங்கே ஒரு சிறப்பு எச்சரிக்கை: வயலுக்கு வாங்கும் யூரியாவைக் கரைத்து அத்தொட்டியில் ஊற்றலாகாது. 2015 முதல் நம் நாட்டில் வயலுக்கு வரும் மானிய யூரியா வேப்பெண்ணெய் பூசப்பட்டது. பயிருக்கு நன்மை செய்யும் அந்தப் பூச்சும், உரத்திலுள்ள மற்ற அழுக்குகளும் விலையுயர்ந்த புகை வடிக்கும் பாகத்தைக் கெடுத்துவிடும்.

உடலும் கால்களும்

சேஸ் என்னும் அடிச்சட்டமே லாரியின் முதுகெலும்பு. வண்டிக்கு அடியில் டார்ச் விளக்கோடு படுத்துப் பாருங்கள். கேபினுக்குப் பின்னாலும், ஸ்பிரிங் தாங்கிகளின் அருகிலும் விரிசலோ, ஒட்டுப்போட்ட தகடோ, பற்றவைத்த தழும்போ உண்டா? அளவு மீறிய சுமை முதலில் அங்கேதான் கையெழுத்திடும். சேஸில் பொறித்த எண்ணும், எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் அரம் பட்ட அடையாளம் தெரிந்தால், மேற்கொண்டு பேச்சே வேண்டா.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கக் குறி இருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஓடாமல் நின்றாலும் ரப்பர் மூப்படையும். முன்சக்கரங்களில் ரீட்ரேட் செய்த டயரோ மொட்டை டயரோ இருப்பது உயிருக்கே ஆபத்து. டயர் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால், குறை டயரில் அன்று. அச்சிலோ கிங்பின்னிலோ இருக்கிறது.

காற்றுப் பிரேக்கைச் சோதிப்பது எளிது. காற்று முழுதும் ஏறியபின் எஞ்சினை நிறுத்தி, ஒருவர் பிரேக்கை மிதித்தபடி இருக்க, மற்றொருவர் வண்டியைச் சுற்றி வந்து சீறல் ஓசை கேட்கிறதா என்று காது கொடுக்கவேண்டும். முள் கண்ணெதிரே இறங்கினால் கசிவு இருக்கிறது. காற்றுத் தொட்டியின் அடித்திருகைத் திறந்துவிட்டால் சிறிது நீர் வரலாம். எண்ணெய் வந்தால் கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டது.

ட்ரெய்லர் பூட்டிய இழுவை லாரியை வாங்குவோர், அது இரண்டு வண்டி என்பதை மறக்கலாகாது. இழுவை வண்டி நல்ல நிலையிலும் ட்ரெய்லர் மோசமான நிலையிலும் இருக்கலாம். இரண்டிற்கும் பதிவும் தகுதிச் சான்றும் தனித்தனியே பார்க்கவேண்டும். ட்ரெய்லரின் கிங்பின் வந்து பூட்டிக்கொள்ளும் தட்டு, இழுவை வண்டியின் முதுகில் இருக்கிறது. அந்தத் தட்டிலும் பின்னிலும் தேய்மானம் ஓரிரு மில்லிமீட்டர் கூடினாலும், வண்டி கிளம்பும்போதும் நிற்கும்போதும் மடக் மடக்கென்று இடிக்கும். பின்னின் விட்டத்தைப் பட்டறையில் அளந்து, செய்தவர் குறித்த அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பூட்டு ஒருமுறை நழுவினால் நேரும் விபரீதத்தைச் சொல்லவேண்டியதில்லை.

வெற்று வண்டியை ஓட்டிப் பார்ப்பது போதாது. வெற்று வண்டியில் தெரியாத குறை, சுமையேற்றிய வண்டியில் தெரிந்துவிடும். கூடுமானால் பாரத்தோடு, ஒரு மேட்டுச் சாலையில், நம்பிக்கையான ஓட்டுநரைக் கொண்டு ஓட்டிப் பாருங்கள். மேட்டில் எஞ்சின் வேகம் ஏறியும் வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. மிதியிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானே விழுந்தால் கியர் பெட்டி தேய்ந்துள்ளது. பின் அச்சிலிருந்து ஊளையிடும் ஓசை வந்தால் கிரவுன் சக்கரத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

இதை வாயால் கேட்டறிவதினும் அளந்தறிவதே முறை. தொட்டியை விளிம்புவரை நிரப்பி, மீட்டர் எண்ணைக் குறித்து, நூறு கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்க்கில் மீண்டும் விளிம்புவரை நிரப்பி, ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுக்க வேண்டும். மீட்டரையே நம்பாமல், சாலையோரக் கிலோமீட்டர்க் கற்களோடு அதன் ஓட்டத்தை ஒப்பிட்டுக்கொள்வதும் நல்லது.

இந்த எண்ணின் மதிப்பை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். முதல் லாரி 12 லட்சம் ரூபாய், லிட்டருக்கு 3.2 கிலோமீட்டர் தருகிறது. பத்து டயரும் மாற்றவேண்டும். இரண்டாம் லாரி 14 லட்சம் ரூபாய், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தருகிறது, டயர்கள் நல்லவை. மாதம் 5,000 கிலோமீட்டர் ஓட்டினால், முதல் லாரிக்கு 1,562.5 லிட்டரும், இரண்டாவதற்கு 1,250 லிட்டரும் ஆகும். வித்தியாசம் 312.5 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 28,125 ரூபாய். ஆண்டுக்கு 3,37,500 ரூபாய். டயர் ஒன்று 20,000 ரூபாய் வீதம் பத்து டயருக்கு 2 லட்சம். ஆகவே, மலிவென்று எண்ணிய முதல் லாரி, ஓராண்டு முடிவில் 17,37,500 ரூபாய்க்குச் சமமாகிவிடுகிறது. இரண்டு லட்சம் மிச்சம்பிடிக்கப் போய், மூன்று லட்சத்திற்கும் மேல் இழந்தோம் என்பதே இதன் முடிவு.

எந்த லாரியை வாங்கினாலும், கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடக் கூடாது. முதலாண்டுப் பழுதுக்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி வைத்தபின் எஞ்சுவதே வண்டிக்கான பணம்.

காகிதங்கள்

பதிவுச் சான்று, தகுதிச் சான்று, அனுமதிச் சீட்டு, காப்பீடு, காலாண்டு வரி, பசுமை வரி, புகைச் சான்று ஆகியவற்றை மூலத்தோடு பாருங்கள். பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து, அங்குள்ள விவரங்களோடு இவற்றை ஒப்பிடுங்கள். கட்டப்படாத அபராதங்களும் தெரியவரும். எட்டு ஆண்டு வரையிலான வண்டிக்குத் தகுதிச் சான்று இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டதற்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்த்தப்பட்டது. தேசிய அனுமதிச் சீட்டுக்கும் வயது வரம்பு உண்டு. எனவே, இன்னும் எத்தனை ஆண்டு, எந்தெந்த மாநிலத்தில் ஓட்டமுடியும் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே விலை பேசவேண்டும்.

பதிவுச் சான்றில் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான சான்றும் படிவம் 35உம் இன்றிப் பணம் கொடுக்கலாகாது. உரிமை மாற்றத்திற்குப் படிவம் 29உம் 30உம் தேவை. வாங்கியவர் 30 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளர் பெயரிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று தரகர் சொல்வதைக் கேட்கலாகாது. விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் பெயருள்ளவரே பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே, உங்கள் பழைய வண்டியை விற்கும்போதும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு

மேலே கூறியவை தனி விவசாயிகளுக்கும் குழுக்களுக்கும் உரியவை. ஊராட்சி நிதியில் வாகனம் வாங்குவதற்கு உரிய விதிகளும் முன்அனுமதியும் உண்டு. அந்த வழியை விட்டு விலகலாகாது. ஊராட்சிகள் உள்ளிட்ட அரசு அமைப்புகளின் 15 ஆண்டு கடந்த வாகனங்களின் பதிவு, 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது என்பதையும் உறுப்பினர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

எனினும், ஊரிலுள்ள குழு ஒன்று லாரி வாங்க முற்படும்போது உறுப்பினர்கள் செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு. விலையைக் கூட்டத்தில் முடிவு செய்யச் சொல்லுங்கள். ஒருவரே சென்று ஒரே நாளில் முன்பணம் கொடுத்துவிட்டு வருவதைத் தடுங்கள். ஓர் ஓட்டுநர், ஒரு பட்டறைத் தொழிலாளர், கணக்கறிந்த ஒருவர் ஆகிய மூவர் சேர்ந்து போகட்டும். பட்டறைத் தொழிலாளருக்கு உரிய கூலியைக் குழுவே கொடுக்கட்டும். விற்பவர் அழைத்து வரும் தொழிலாளர், விற்பவரின் கண்ணால்தான் பார்ப்பார்.

முடிவாக ஒரு சொல். எமது ஒன்றியத்துக் குழுவினர், எஞ்சின் வேலை முடிந்த அந்த லாரியை இரண்டாண்டு ஓட்டியபின் விற்க முன்வந்தனர். மீட்டரை அப்படியே விட்டுவிட்டால் நல்ல விலை கிடைக்கும் என்று கூட்டத்தில் ஒருவர் யோசனை கூறினார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, வயதில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "நம்மைப்போல இன்னொரு ஊர்க்காரன் அல்லவா வாங்குவான்?" என்று கேட்டார். பழைய ரசீதின் நகலையும், எஞ்சின் வேலைச் செலவுக் கணக்கையும் பதிவுச் சான்றோடு சேர்த்துக் கொடுத்தே விற்பது என்று தீர்மானமாயிற்று. விலையில் ஓரளவு குறையத்தான் செய்தது. அடுத்த லாரியை வாங்க மூன்று மாதம் தேடினர். இரண்டு வண்டிகளை வேண்டாமென்று விட்டு, மூன்றாவதை எடுத்தனர். அதன் கேபினில் ஒரு நோட்டுப் புத்தகம் கயிற்றில் கட்டித் தொங்குகிறது. எண்ணெய் மாற்றிய நாள், ஊற்றிய டீசல், ஓடிய தூரம் அனைத்தும் ஓட்டுநர் கையால் அதில் எழுதப்படுகின்றன. நாம் ஒன்றியச் சுற்றுப்பயணம் செல்லும்போதெல்லாம் அதை வாங்கிப் புரட்டிப் பார்ப்பது வழக்கம். வண்டி வாங்குவோர் அனைவரும் முதல் நாளிலேயே அப்படியொரு நோட்டைத் தொடங்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.